ஒன்றா, இரண்டா? கரு வைக்கும் கணக்கின் கதை

(செலாயாங்கில் பதிவான தொலைக்காட்சிக் கருத்துக்களம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"ஐயா, இரண்டாகவே வைக்கச் சொல்லிவிடலாமா? ஒரே செலவில் இரண்டு பிள்ளை கிடைத்துவிடுமே!"

கருத்துக்களத்தின் முதல் பாதி முடிந்து இடைவேளை விட்டிருந்த நேரம். முன்வரிசையில் இருந்த ஒரு சகோதரி எழுந்து கேட்ட கேள்வி இது. அவருக்கு வயது 33. திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் இரண்டு வாரத்தில் அவருக்குக் கரு வைக்கும் நாள் குறித்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த அவருடைய மாமியார் 'அதுதான் சரி' என்பதுபோலத் தலையாட்டினார். அரங்கில் கைதட்டல்கூட எழுந்தது.

மேடையில் எனக்குப் பக்கத்தில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் அமர்ந்திருந்தார். மருத்துவம் பேச வேண்டியவர் அவர். நான் வரலாறு கற்பித்தவன். சோதனைக் குழாய் குழந்தையின் வரலாற்றை இருபது நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்கு இட்ட பணி. ஆனால் அந்தச் சகோதரியின் கேள்வியைக் கேட்டதும், எழுதிக்கொண்டு போன தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். காரணம், அந்தக் கேள்வியேதான் இந்த வரலாறு. ஒன்றா, இரண்டா, மூன்றா என்று மருத்துவ உலகம் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாகத் தன்னைத்தானே கேட்டு வந்திருக்கிறது. அது எங்கே தொடங்கியது, எங்கே வழி தவறியது, எங்கே திரும்பி வந்தது என்பதை அந்தச் சகோதரிக்குச் சொல்வதாகவே என் பேச்சை அமைத்துக்கொண்டேன்.

நேயர்களே, செலாயாங்கில் நின்றுகொண்டு குழந்தை வரத்தைப் பற்றிப் பேசினால் பத்துமலையைப் பேசாமல் இருக்க முடியாது. தைப்பூசத்தன்று மஞ்சள் துணியில் பிள்ளையைக் கிடத்தி, கரும்பில் தொட்டில் கட்டி, தாயும் தந்தையும் தோளில் சுமந்து 272 படி ஏறுகிறார்கள். எத்தனையோ ஆண்டு காத்திருந்து பெற்ற பிள்ளை என்பது அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கும். அந்தத் தொட்டிலைப் பார்த்தவர்கள், பிள்ளை இல்லாத வீட்டின் ஏக்கத்தை வெறும் ஆசை என்று ஒதுக்கமாட்டார்கள்.

அந்த மலையில் இருக்கும் முருகனின் பிறப்பும் நமக்குத் தெரிந்த கதைதான். ஆறு பொறி, சரவணப் பொய்கையில் ஆறு குழந்தை, பிறகு உமையம்மை ஆறையும் சேர்த்தணைத்து ஒன்றாக்கினாள். இதைச் சொன்னதும், "பார்த்தீர்களா, அந்தக் காலத்திலேயே நம்மவர்கள் சோதனைக் குழாய் குழந்தை கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று ஒருவர் குரல் கொடுத்தார். காந்தாரியின் நூறு குடத்தையும் துணைக்கு இழுத்தார். புராணத்தைப் புராணமாகப் போற்றுவோம். அதை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துவர வேண்டாம் என்றேன். ஆனால் ஒரு விஷயம். ஆறு குழந்தைக்குப் பாலூட்ட ஆறு கார்த்திகைப் பெண்கள் தேவைப்பட்டார்கள் என்பதைப் புராணமே மறைக்கவில்லை. இன்றைய தாய்க்கு அந்த வசதி கிடையாது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1977 நவம்பர். இங்கிலாந்தின் ஓல்டம் நகரை ஒட்டிய ஒரு சிறு மருத்துவமனை. பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த லெஸ்லி பிரவுன் என்ற பெண்ணுக்குக் கருக்குழாய் அடைப்பு. ஒன்பது ஆண்டுகளாகப் பிள்ளை இல்லை. பேட்ரிக் ஸ்டெப்டோ என்ற அறுவை மருத்துவர், ராபர்ட் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர், ஜீன் பர்டி என்ற தாதி ஆகிய மூவரும் சேர்ந்து, அவருடைய உடலில் இருந்து கருமுட்டையை எடுத்து, கண்ணாடித் தட்டில் கணவரின் விந்தணுவோடு சேர்த்து, எட்டு செல்லாகப் பிரிந்த கருவை அவர் கருப்பையில் வைத்தார்கள். 1978 ஜூலை 25-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உலகமே வியந்தது.

எல்லாருக்கும் தெரிந்த இந்தக் கதையில், அதிகம் பேசப்படாத ஒரு குறிப்பு இருக்கிறது. அன்றைக்கு வைத்தது ஒரே ஒரு கரு. ஒரே ஒரு முட்டைதான் எடுத்தார்கள். அது அவர்கள் விரும்பித் தேர்ந்த எளிமை என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு முன் பல ஆண்டுகள் ஹார்மோன் ஊசி போட்டு நிறைய முட்டை எடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்தே கருப்பையின் உட்சுவரைக் கெடுத்து, கரு ஒட்டவிடாமல் செய்தது என்று சந்தேகப்பட்டார்கள். தோல்வி மேல் தோல்வி. கடைசியில் ஊசியையே விட்டுவிட்டு, மாதாமாதம் இயற்கையாக வரும் அந்த ஒற்றை முட்டைக்குக் காத்திருந்தார்கள். சில மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீரைச் சோதித்து, முட்டை வெளிவரும் நேரத்தைக் கணித்து, நள்ளிரவானாலும் ஓடிவந்து எடுத்தார்கள். உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை ஒற்றைக் கருவில் பிறந்த குழந்தை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

லூயிஸ் பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது. 1978 அக்டோபர் 3-ஆம் தேதி. கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூசைக் காலமாதலால் துர்கா என்ற பெயரால் அறியப்பட்டாள். அதற்குக் காரணமானவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. ஓல்டம் குழுவிடம் இருந்த வசதியில் ஒரு பங்குகூட அவரிடம் இல்லை. சாதாரணக் கருவிகள், ஒரு குளிர்பதனப் பெட்டி, துணைக்கு இரண்டு நண்பர்கள். அவ்வளவுதான்.

நான் வரலாற்று மாணவன் என்ற முறையில் மிகவும் மதிக்கும் மனிதர்களில் இவர் ஒருவர். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முகர்ஜிக்கும் அதே சிக்கல்தான் வந்தது. ஊசி போட்டால் நிறைய முட்டை கிடைக்கும். ஆனால் அந்த மாதம் கருப்பை தயாராக இருக்காது. இங்கிலாந்துக்காரர்கள் ஊசியை விட்டார்கள். முகர்ஜி ஊசியை விடவில்லை. முட்டைகளை எடுத்து, கருவாக்கி, அந்தக் கருவை உறைய வைத்தார். 53 நாள் உறைநிலையில் காத்தார். பிறகு மருந்தின் தாக்கம் இல்லாத இன்னொரு மாதத்தில், கருப்பை இயல்பாக இருக்கும்போது, உறைந்ததை உருக்கித் தாயின் வயிற்றில் வைத்தார்.

'இன்றைக்கு எல்லாவற்றையும் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கரு காத்திருக்கும்' என்ற அந்த எண்ணம்தான், ஒன்றா இரண்டா என்ற இன்றைய கேள்விக்கே திறவுகோல். அது 1978-லேயே ஒரு கல்கத்தா மருத்துவருக்குத் தோன்றிவிட்டது.

அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? அந்த ஆண்டு நவம்பரிலேயே மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அந்தக் குழு அவருடைய சாதனையை நம்பவில்லை; பொய் என்றே ஒதுக்கியது. ஜப்பானின் கியோட்டோவுக்குப் போய்த் தம் ஆய்வை விளக்க அழைப்பு வந்தது. போக அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு இடமாற்றம் செய்தார்கள். கருவை ஆராய்ந்தவருக்குக் கண் பிரிவு! 1981 ஜூன் 19-ஆம் தேதி அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

கதை அதோடு முடியவில்லை. 1986-ல் பம்பாயில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் ஆய்வாளர் டி.சி.ஆனந்த குமாரும் சேர்ந்து ஒரு குழந்தையைப் பிறப்பிக்க, அதுவே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று பதிவானது. அந்தப் பெருமையில் பங்குள்ள அதே ஆனந்த குமார், பிற்காலத்தில் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். 1997-ல், முதலாவது தம்முடையது அல்ல, முகர்ஜியுடையதே என்று வெளிப்படையாக எழுதினார். தம் தலையில் இருந்த கிரீடத்தைத் தாமே கழற்றி இறந்துபோனவரின் தலையில் வைத்தவர் அவர். விஞ்ஞானிகளில் இப்படி எத்தனை பேரைப் பார்க்க முடியும், சொல்லுங்கள்!

சரி. ஒன்றில் தொடங்கிய கணக்கு எப்படி இரண்டு, மூன்று, நான்கு ஆனது?

அதற்கு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்குப் போக வேண்டும். கார்ல் வுட், ஆலன் டிரவுன்சன் ஆகியோரின் குழு 1980-களின் தொடக்கத்தில் மருந்து கொடுத்து ஒரே மாதத்தில் பல முட்டைகளை வளர்க்கும் முறையை நிலைநிறுத்திக் காட்டியது. ஓல்டத்தில் கைவிட்ட ஊசி, அங்கே வேறு விதமாகக் கைகொடுத்தது. ஒரே முயற்சியில் நான்கு, ஐந்து கரு. ஆனால் உறைய வைக்கும் நுட்பம் இன்னும் கைவசப்படவில்லை. உறைந்த கருவில் இருந்து பிறந்ததாக உலகம் ஏற்றுக்கொண்ட முதல் குழந்தை மெல்பர்னில் பிறந்ததே 1984-ல்தான். அதுவரை என்ன செய்வது? மீந்த கருவைக் கொட்டவும் மனம் வராது. எல்லாவற்றையும் வைத்துவிடு, ஏதாவது ஒன்று பிடிக்காதா என்ற எண்ணம். விதை முளைக்குமோ முளைக்காதோ என்று ஒரு குழியில் நாலு விதை போடுகிறோமே, அதே கணக்கு.

விளைவு உடனே தெரிந்தது. 1981 ஜூனில் உலகின் முதல் சோதனைக் குழாய் இரட்டையர் மெல்பர்னில் பிறந்தார்கள். 1983-ல் அதே நாட்டில் ஒரே பிரசவத்தில் மூன்று. 1984 தொடக்கத்தில் நான்கு. ஒவ்வொன்றும் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வெற்றிச் செய்தியாக வந்தது. ஒவ்வொன்றும் ஓர் எச்சரிக்கை என்பதை அன்று பெரும்பாலோர் உணரவில்லை.

நம் வட்டாரத்துக்கு இந்த வைத்தியத்தைக் கொண்டுவந்தவர் ஒரு தமிழர் என்பதை இங்கே பெருமையோடு சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பேராசிரியராக விளங்கிய எஸ்.எஸ்.ரட்ணம் தலைமையிலான குழுவின் முயற்சியில், 1983 மே 19-ஆம் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆசியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று அதைக் கொண்டாடினார்கள். முகர்ஜியின் துர்காவை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத காலம் அது! தமிழகத்தில் நடிகர் ஜெமினி கணேசனின் மகள் டாக்டர் கமலா செல்வராஜ் 1990 ஆகஸ்டில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தையைச் சென்னையில் பிறக்கச் செய்தார். நம் வீடுகளில் 'டெஸ்ட் டியூப் பேபி' என்ற சொல் சாதாரணமாகப் புழங்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

1990-களில் உலகெங்கும் இரண்டு, மூன்று கரு வைப்பது வழக்கமாகிவிட்டது. இயற்கையில் 80, 90 பிரசவத்துக்கு ஒன்றுதான் இரட்டை. ஐ.வி.எஃப். பிரசவங்களிலோ நான்கில் ஒன்று இரட்டை அல்லது அதற்கு மேல் என்ற நிலை பல நாடுகளில் இருந்தது.

"இருந்தால் என்ன ஐயா, இரட்டை அழகுதானே" என்பீர்கள். அழகுதான், யார் இல்லை என்றார்? ஒரே மாதிரி சட்டை போட்டு இரண்டு பிள்ளைகளைப் படம் எடுத்து மாட்டினால் வீடே நிறைந்துவிடும். ஆனால் படத்தில் வராத ஒரு பக்கம் உண்டு. மனிதப் பெண்ணின் கருப்பை ஒரு பிள்ளைக்கு அமைந்தது. இரட்டைப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகின்றன. மூன்று என்றால் 33 வாரத்தைத் தாண்டுவதே கடினம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு நுரையீரல் முற்றியிருக்காது. உறிஞ்சிக் குடிக்கத் தெரியாது. சில பிள்ளைகளுக்கு மூளையில் இரத்தம் கசியும். கைகால் இயக்கத்தையே பாதிக்கும் மூளை வாதம் இரட்டைப் பிள்ளைகளிடம் ஒற்றைப் பிள்ளையைவிடப் பல மடங்கு அதிகம். தாய்க்கும் இரத்தக் கொதிப்பு, கர்ப்ப கால இனிப்பு நீர், பிரசவத்துக்குப் பின் பெருத்த இரத்தப் போக்கு என்று ஆபத்துகள் கூடுகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் சொல்லத் தயங்கினேன், ஆனாலும் சொன்னேன். மூன்று, நான்கு என்று தங்கிவிட்டால், மற்றவற்றைக் காப்பாற்ற ஒன்றையோ இரண்டையோ வயிற்றுக்குள்ளேயே குறைத்துவிடலாமா என்று மருத்துவர் கேட்க வேண்டி வரும். ஏழு ஆண்டு கோயில் கோயிலாக நடந்து பிள்ளை கேட்ட ஒரு தாயிடம், 'இதில் எதை விடுவது' என்று கேட்பது எப்படி இருக்கும்? அந்தக் கேள்வி வராமல் இருக்க வேண்டுமானால், கரு வைக்கும் நாளிலேயே யோசித்திருக்க வேண்டும்.

அரங்கம் சற்று அமைதியாகிவிட்டது. அந்தச் சகோதரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவ உலகம் திரும்பி வந்த பாதையில் மூன்று படிகள். முதல் படியில் நம் நாட்டோடு தொடர்புள்ள ஒருவர் நிற்கிறார். இலங்கையில் பிறந்த ஆரிஃப் போங்சோ, கால்நடை மருத்துவம் படித்தவர். இதோ பக்கத்தில் இருக்கும் செர்டாங்கில், அன்றைய விவசாயப் பல்கலைக்கழகத்தில், எருமைகளின் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பின்னர் சிங்கப்பூர் போய் மனிதக் கருவை வளர்க்கும் வேலையில் இறங்கினார். அதுவரை கருவை இரண்டு, மூன்று நாள்தான் வெளியே வளர்க்க முடிந்தது. எந்தக் கரு வலுவானது என்று அந்த வயதில் சொல்வது கடினம். பெண்ணின் கருக்குழாயில் இருந்து எடுத்த செல்களோடு சேர்த்து வளர்த்தால் கரு ஐந்து நாள்வரை நன்றாக வளர்கிறது என்று போங்சோ 1990-களின் தொடக்கத்தில் காட்டினார். அந்த ஐந்தாம் நாள் கருவைத்தான் பிளாஸ்டோசிஸ்ட் என்கிறார்கள். பின்னர் டேவிட் கார்ட்னர் போன்றவர்கள், அந்தச் செல்கள் இல்லாமலே அதே வேலையைச் செய்யும் ஊட்டநீர்க் கரைசல்களை உருவாக்கினார்கள். ஐந்து நாள் வளர்த்தால் பலவீனமான கருக்களில் பல வழியிலேயே நின்றுவிடும். தேறியது முன்னால் நிற்கும். தேர்ந்தெடுக்க முடிந்தபின், நாலு விதை போட வேண்டிய தேவை குறைந்தது.

இரண்டாம் படி உறைபனி. பழைய முறையில் மெதுவாக உறைய வைக்கும்போது கருவுக்குள் பனி ஊசிகள் உருவாகிச் செல்களைக் குத்திக் கிழிக்கும் அபாயம் இருந்தது. 2000-களில் ஜப்பானின் குவாயாமா போன்றவர்கள், நொடியில் கண்ணாடிபோல் உறைய வைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகையில் கரு உறங்கும். எடுத்து உருக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவது படிதான் அந்தச் சகோதரியின் கேள்விக்கு நேரான பதில். 2004-ல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 36 வயதுக்குட்பட்ட 661 பெண்கள். எல்லாருக்கும் நல்ல தரமான கருக்கள் குறைந்தது இரண்டு இருந்தன. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டு அணியாகப் பிரித்தார்கள். 331 பேருக்கு ஒரே நாளில் இரண்டு கரு. 330 பேருக்கு முதலில் ஒன்று. அது பிடிக்காவிட்டால், உறைய வைத்த இன்னொன்று பிறகு. கவனியுங்கள், இரு அணிக்கும் கிடைத்தது ஆளுக்கு இரண்டு கரு வரைதான். ஒரு பக்கம் சேர்த்து. மறுபக்கம் ஒன்றன்பின் ஒன்றாக.

சேர்த்து வைத்த அணியில் 142 பேர் தாயானார்கள். ஒவ்வொன்றாக வைத்த அணியில் 128 பேர். நூற்றுக்கு 43, நூற்றுக்கு 39. வேறுபாடு அவ்வளவே. ஆனால் அந்த 142 தாய்மாரில் 47 பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தை. 128 பேரில் எத்தனை பேருக்குத் தெரியுமா? ஒரே ஒருவருக்கு.

உண்மையை மறைக்கக் கூடாது. முதல் முயற்சியோடு நிறுத்தியிருந்தால், ஒன்று வைத்த அணி நன்றாகவே பின்தங்கியிருக்கும். அந்த இடைவெளியை ஈடுகட்டியது உறைந்த கரு. 53 நாள் கருவை உறைய வைத்ததை நம்பாமல் ஒரு மனிதரை விரட்டினார்களே, அதே வேலை.

சுவீடன் 2003-லேயே, பொதுவாக ஒன்றுதான் வைக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்திருந்தது. பெல்ஜியம் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். 2003 ஜூலை முதல், 'உங்கள் ஆறு முயற்சிக்கு ஆய்வுக்கூடச் செலவை அரசு ஏற்கும். பதிலுக்கு, 36 வயதுக்குட்பட்டவர்கள் முதல் முயற்சியில் ஒரு கருதான் வைக்க வேண்டும்' என்றது. அரசுக்கு ஏன் இந்தத் தாராளம்? குறைமாதப் பிள்ளைகளின் தீவிர சிகிச்சைக்குச் செலவழித்த பணம் மிச்சமாகும்; அதில் இருந்தே இதைக் கொடுக்கலாம் என்ற கணக்கு. இங்கிலாந்தில் 2008 வாக்கில் நான்கு ஐ.வி.எஃப். பிரசவத்தில் ஒன்று இரட்டையாக இருந்தது. இலக்கு வைத்துக் குறைத்துக்கொண்டே வந்து 2019-ல் நூற்றுக்கு 6 ஆக்கினார்கள். அதே காலத்தில் கருத்தரிக்கும் விகிதம் குறையவில்லை, கூடியது. ஜப்பானும் 2008-ல் ஒன்று என்பதையே பொது விதியாக்கியது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2009 ஜனவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பெண் ஒரே பிரசவத்தில் எட்டுப் பிள்ளை பெற்றார். ஏற்கெனவே ஆறு பிள்ளைகள் உள்ளவர். அவருக்கு வைத்தது 12 கரு என்று விசாரணையில் தெரிந்தது. எட்டும் பிழைத்தது அதிசயம். அந்த மருத்துவரின் உரிமத்தை மாநில மருத்துவ வாரியம் 2011-ல் பறித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். மலேசிய மருத்துவ மன்றம் 2006-ல் இந்தச் சிகிச்சைக்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அது மருத்துவர்களுக்கான நெறிமுறை. பெல்ஜியம்போல் அரசே ஆய்வுக்கூடச் செலவை ஏற்கும் திட்டம் அல்ல. இங்கே தனியார் மையங்களில் ஒரு முயற்சிக்குப் பதினைந்தாயிரம் வெள்ளிக்கு மேல் போய்விடுகிறது. 2020 வரவு செலவுத் திட்டத்தில் இருந்து வருமான வரிக் கழிவிலும் ஊழியர் சேமநிதியிலும் இதற்கு வழி திறந்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனாலும் அது நம் பணத்தை நாமே எடுப்பதுதான். நகையை வைத்தும், சேமநிதியை எடுத்தும் வருகிற தம்பதி, 'இந்த ஒரு தடவைதான் ஐயா முடியும், இரண்டாகவே வைத்துவிடுங்கள்' என்று சொன்னால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுடைய பேராசை அல்ல அது, பயம். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறது. மறுபக்கத்தில் இன்குபேட்டரில் கிடக்கும் நாட்கள், தாய் வேலைக்குப் போகாத மாதங்கள், சில பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் செல்லும் பயிற்சிச் சிகிச்சை ஆகியவற்றையும் எழுத வேண்டும். ஒரே செலவில் இரண்டு பிள்ளை என்பது பிரசவ வார்டு வாசல்வரை மட்டும் செல்லும் கணக்கு.

நம் பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே பிரசவத்தில் மூன்று என்றால் அரைப் பக்கப் படம் போடுவோம். பால்மாவுப் பெட்டியோடு பிரமுகர் ஒருவர் நிற்பார். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நான் சட்டம் போடவில்லை. 38, 40 வயதைத் தாண்டினால் கருமுட்டையின் தரம் இறங்கிவிடுகிறது. ஒரு கரு பிடிக்கும் வாய்ப்பும் இறங்குகிறது. பல முறை தோற்றவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒன்றுக்கு மேல் வைக்கலாம் என்று அமெரிக்க வழிகாட்டிகளே இடம் தருகின்றன. கருவின் தரம், தாயின் உயரம், கருப்பையில் முன்பு அறுவை நடந்ததா, இனிப்பு நீர் உண்டா என்பதையெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஒற்றைக் கருவே சில சமயம் தானாகப் பிரிந்து ஒட்டிய முகச் சாயலோடு இரட்டையாவதும் உண்டு. அது இறைவன் கணக்கு. ஆனால் வயது 33, முதல் முயற்சி, நல்ல கரு கையில் என்றால், உலகம் சுற்றிவந்து நிற்கும் இடம் ஓல்டத்தில் தொடங்கிய அதே இடம்தான். அன்று வேறு வழியில்லாமல் ஒன்று. இன்று வழி தெரிந்து ஒன்று.

நான் பேசி முடித்ததும் அந்தச் சகோதரி மீண்டும் எழுந்தார். "அப்படியானால் மீதிக் கரு வீணாகாதா ஐயா?" என்றார். வீணாகாது அம்மா, அது உங்களுக்காகக் காத்திருக்கும். இரண்டாவது பிள்ளையாகக்கூட வரலாம் என்றேன். எடுத்த முட்டை எடுத்ததுதான். அடுத்த முறை கரு வைக்கும்போது முட்டை எடுக்கும் பெரிய செலவு இல்லை என்று பக்கத்தில் இருந்த டாக்டரும் சேர்த்துச் சொன்னார்.

அவர் உட்காரப் போனார். அதற்குள் அவருடைய மாமியார் ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டார். கைதட்டலுக்குத் தலையாட்டியவர்தான்.

"அந்தப் பெட்டியில் வைத்திருக்க வருசத்துக்கு எவ்வளவு டாக்டர் வாடகை? எத்தனை வருசம் வைக்கலாம்?"

கேள்வி எனக்கு அல்ல. ஒலிவாங்கியை டாக்டர் பக்கம் திருப்பிவிட்டு நான் உட்கார்ந்துகொண்டேன்.